ஒத்திகை நோயாளி

"எந்த இருமல் வேணும், டாக்டர்? வறட்டு இருமலா, சளி இருமலா, இல்ல நாலு பேர் முன்னாடி அடக்கி அடக்கி இருமுற இருமலா?"

ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்துக்கொண்டு அவர் இப்படிக் கேட்டால், தலைமுதல் கால்வரை பாதுகாப்பு உடை மாட்டி நிற்கும் புது மருத்துவர்களால் சிரிக்காமல் இருக்க முடியாது. சிரித்த மூச்சில் முகக் கண்ணாடியில் ஆவி படிந்து, எதிரே இருப்பது தெரியாமல் போகும். "பாத்தீங்களா, இப்பவே கண்ணு போச்சு. நெஜமா ஒருத்தன் வந்து விழுந்தா என்ன பண்ணுவீங்க?" என்று அவரே அதட்டுவார். பிறகு கண்ணை மூடி மூன்று முறை அடக்கி இருமுவார். நான்காவது முறை அடக்க முடியாமல் உடம்பே குலுங்கும். எல்லாம் ஒத்திகைதான் என்று தெரிந்தும் நான் ஓரடி பின்னால் போய்விடுவேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தொற்றுநோய் ஒத்திகை நடக்கும். ஏதோ ஒரு புதுக் காய்ச்சல் ஊருக்குள் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, வாசல் காவலாளி முதல் தடுப்பூசிப் பெட்டி தூக்குகிறவர்வரை எல்லோரும் ஓடிப் பழக வேண்டும். அந்தக் காய்ச்சலைச் சுமந்துகொண்டு வந்து சேரும் முதல் ஆள் இவர். ஒன்பது வருஷமாக இவரேதான். அதனால் இவருக்குப் பெயரே 'மொத கேஸ்' என்று ஆகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. கேண்டீனில் போய் அந்தப் பெயரைச் சொன்னால், அது யார் என்று கேட்பார்கள்.

மற்ற நாட்களில் அவர் சலவைப் பிரிவில் இருக்கிறார். வயது ஐம்பத்தேழு. வார்டுகளிலிருந்து வரும் துணியைப் பிரித்துக் கொதிநீருக்கு அனுப்புவதும், வெந்து உலர்ந்து திரும்பும் போர்வைகளை மடித்து அடுக்குவதும் அவர் வேலை. ஒரு போர்வையை ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும். இவர் சுவரில் தோள் உயரத்துக்கு இரண்டு கொக்கிகள் அடித்து வைத்திருக்கிறார். இரண்டு முனைகளை அதில் மாட்டிவிட்டு, மற்ற இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு சுவரை நோக்கி நடப்பார். திரும்பப் பின்னால் வருவார், மறுபடி நடப்பார். ஒரு நாளைக்கு இருநூறு போர்வை. உதவிக்கு ஓர் ஆள் கேட்டால் கொடுப்பார்களே என்றேன்.

"இந்தச் சுவரு லீவு போடாது, தங்கச்சி. வெட்டிப் பேச்சு பேசாது. இத விட்டுட்டு ஆள் எதுக்கு?"

யாரிடம் பேசினாலும் இரண்டு கை தூரம் விட்டு நிற்பார். நாம் ஓரடி முன்னால் வைத்தால் அவர் ஓரடி பின்னால் போவார். அவரோடு பேசிக்கொண்டே ஒரு வராந்தா முழுக்க நகர்ந்து போயிருக்கிறேன், புறப்பட்ட இடம் எது என்றே மறந்துவிட்டது. லிஃப்டில் ஆள் இருந்தால் ஏற மாட்டார். டீ குடிக்கத் தன் டம்ளரைத் தானே கொண்டுவருவார். வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரியிலேயே தலைக்குக் குளித்து, வேறு சட்டை மாட்டிக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவார். வேலை செய்த சட்டை ஒரு நாளும் வெளியே போனதில்லை. ஒரு முறை தண்ணீர்க் குழாய் உடைந்து சொட்டுத் தண்ணீர் வரவில்லை. லாரி வரும்வரை மூன்று மணி நேரம், அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மனிதருக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நானும்தான்.

என் வேலை கேள்வி கேட்பது. தொற்றோடு வருகிறவர்களிடம் உட்கார்ந்து, கடைசிப் பதினான்கு நாளில் ஒரு மீட்டருக்குள் பதினைந்து நிமிடத்துக்கு மேல் யாரோடெல்லாம் இருந்தீர்கள் என்று தோண்டித் துருவி எழுத வேண்டும். நான்கு பக்கப் படிவம். அதில் வருகிற ஒவ்வொரு பெயரையும் தேடிப்போய் தடுப்பூசி போடுவார்கள். நோயாளியைச் சுற்றி ஊசி போட்ட ஆட்களால் ஒரு வேலி கட்டுகிற மாதிரி. வேலியில் ஒரு ஓட்டை விட்டால் காய்ச்சல் அந்த வழியாகப் போய்விடும். ஒருவர் மறந்துபோகிற பெயரும் மறைக்கிற பெயரும்தான் எனக்குப் பெரிய தலைவலி.

அவரோடு என் முதல் ஒத்திகையில் மனிதர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"யார் கூடவும் இல்ல, மேடம்."

"வீட்ல?"

"நான்தான்."

"யாராவது வந்தாங்களா? நீங்க எங்கயாவது போனீங்களா?"

"இங்க வருவேன். வீட்டுக்குப் போவேன்."

படிவத்தின் நான்கு பக்கமும் காலி. கீழே ஆறு வண்டிகள் தயாராக நிற்கின்றன, குளிர்ப்பெட்டியில் பொய் ஊசி மருந்து காத்திருக்கிறது, மேலிடத்திலிருந்து பார்வையாளர்கள் வந்திருக்கிறார்கள். போவதற்கு ஒரு வீடுகூட இல்லை. ஒத்திகை இருபது நிமிடத்தில் முடிந்துபோனது. சுகாதார அதிகாரிக்கு வந்ததே கோபம்! "ஆறு டீமு நிக்குதுய்யா! இத்தன நாள்ல ஒரு மனுஷனையும் பாக்காமயா இருந்த? என்ன நோயாளி நீ?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். இவர் ஸ்ட்ரெச்சரில் எழுந்து உட்கார்ந்து, தப்புச் செய்த பிள்ளை மாதிரி, "அடுத்த தடவ சரியா சொல்றேன் சார்" என்றார்.

அடுத்த தடவை பதினேழு பேர் வந்தார்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் ஓடிவிடும் மைத்துனர். சீட்டாட வரும் இரண்டு சிநேகிதர்கள், அதில் ஒருவர் தோற்றால் சீட்டைக் கிழிப்பவர். சர்க்கரை கடன் கேட்க வந்து ஒரு மணி நேரம் நின்று பேசும் எதிர்வீட்டு அம்மா. அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. மூன்று மாதம் கழித்து அடுத்த ஒத்திகையில் அதே முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. சீட்டாட்டச் சிநேகிதர்கள் சண்டை போட்டுப் பிரிந்து, ஒரு வருஷம் கழித்துச் சேர்ந்தார்கள். "அந்த மைத்துனன் என்னண்ணே பண்றாரு?" என்று நர்சுகள் தொடர்கதைக்குக் காத்திருப்பதுபோல் கேட்பார்கள். அதிகாரியும் மகிழ்ந்துபோனார். இப்படித்தான் ஒரு நோயாளி இருக்க வேண்டும் என்று என்னிடமே பாராட்டினார்.

நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி. ஒரு நாள் அந்த எதிர்வீட்டு அம்மாவின் முகவரியைத் தேடிப் போனேன். அவர் சொன்ன இலக்கத்தில் மின்மாற்றி ஒன்று இருந்தது, சுற்றிலும் கம்பி வேலி. மறுநாள் கேட்டபோது அவர் மறுக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை.

"ஒருத்தர் இருந்தா நல்லா இருக்குமேன்னு தோணுச்சு, தங்கச்சி. அதான் குடி வச்சேன்."

யாரிடமும் நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் பட்டியலைக் கூர்ந்து கவனித்தேன். இத்தனை பேரைப் படைத்தவர், மனைவி என்று ஒருத்தியைச் சொல்லவே இல்லை. பிள்ளைகளும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அவங்கள டிரில்லுக்கெல்லாம் சொல்ல மாட்டேன்" என்றார். மடித்துக்கொண்டிருந்த போர்வையை உதறி, இன்னொரு முறை முதலிலிருந்து மடித்தார்.

பிறகு அவரே சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. அப்போது ஊசி கொஞ்சமாகத்தான் கிடைத்தது. ஆஸ்பத்திரி ஆட்களுக்குப் போட்டார்கள், வீட்டு ஆட்களுக்கு இல்லை. ஒரு நாள் மாலை மகளுக்குப் பரீட்சை முடிவு வந்திருந்தது. அதைக் கேட்கிற அவசரத்தில் இவர் குளிக்காமல், வேலை செய்த சட்டையோடு வீட்டுக்கு ஓடினார். சட்டையை மனைவி துவைத்தார். ஒன்பதாம் நாள் மனைவி இல்லை.

"பதினெட்டு வயசுப் பொண்ணு என்னப் பாத்து ஒரே ஒரு கேள்வி கேட்டா. 'ஊசி உனக்கு, காய்ச்சல் எங்களுக்கா?'"

மகள் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். கல்யாணம் அங்கேயே நடந்தது, இவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஒரு பெண் குழந்தை பிறந்தபோது மட்டும் சித்தி மூலம் செய்தி வந்தது. என் குழந்தை இருக்கிற பக்கம் அப்பா வரக் கூடாது என்பதுதான் செய்தி.

இந்த வருஷம் ஒத்திகை இல்லை. நிஜமே வந்துவிட்டது. காய்ச்சலும் உடம்பெல்லாம் தடிப்புமாக ஒரு லாரி ஓட்டுநர் வந்து சேர்ந்தார். எங்கள் ஆட்கள் உண்மையிலேயே நன்றாகச் செய்தார்கள், ஒருவர் கண்ணாடியிலும் ஆவி படியவில்லை. ஊசியும் வந்தது, ஆனால் தவணை தவணையாக. முதல் பட்டியலில் மருத்துவர்கள், இரண்டாவதில் நர்சுகள், மூன்றாவதில் மற்றவர்கள். சலவைப் பிரிவு அந்த மற்றவர்களில் சேர்த்தி. நோயாளி படுத்த போர்வையை முதலில் கையில் எடுப்பவர் யார் என்று பட்டியல் போட்டவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன், நானும் யோசிக்கவில்லை.

மூன்றாம் பட்டியலுக்கு ஊசி வருவதற்கு முன்பே, ஒரு திங்கட்கிழமை, அவருக்குத் தடிப்புத் தெரிந்தது. தானே நடந்து வந்து தனிமை வார்டின் வாசலில் நின்று, "யாரும் கிட்ட வராதீங்க, கதவ மட்டும் தொறங்க" என்றாராம். காய்ச்சல் இப்போது இறங்கிவிட்டது, வாசகர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் அன்று நிலைமை அப்படியில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பாதுகாப்பு உடையோடு படிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். இத்தனை வருஷமாகக் கேட்ட அதே கேள்வி.

"கடைசி பதினாலு நாள்ல யார் கூடண்ணே இருந்தீங்க?"

"சலவைல ரெண்டு பேரு. அவங்களுக்கு நேத்தே ஊசி போட்டாச்சு."

"வெளில?"

"யாரும் இல்ல. எழுதிக்கோங்க."

மைத்துனர் இல்லை, சீட்டாட்டம் இல்லை, எதிர்வீட்டு அம்மா இல்லை. பக்கம் பக்கமாகக் கோடு இழுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். நான் கதவுவரை வந்துவிட்டேன்.

"தங்கச்சி. அந்தப் பேப்பர திரும்ப எடுங்க."

திரும்பிப் பார்த்தேன். அவர் கட்டிலின் விளிம்புக்கு வந்திருந்தார்.

"நூலகத்துல சின்னப் பசங்க மேசை ஒண்ணு இருக்கு. சனிக்கிழமை பத்து மணிக்கு என் பொண்ணு அவ குழந்தைய அங்க விட்டுட்டு தையல் கிளாஸுக்குப் போவா. பதினொன்னே காலுக்கு வந்து கூட்டிட்டுப் போவா. நான் பத்தே காலுக்குப் போயி பதினொன்னுக்குக் கெளம்பிருவேன்."

பேப்பர் படிக்கப் போன இடத்தில் தற்செயலாகப் பார்த்தாராம். கிட்டே போகவில்லை, தூரத்து நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். குழந்தைதான் எழுந்து வந்து, அந்தக் கடைசிப் பக்கத்தைத் தருவீர்களா, ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கணும் என்று கேட்டது. மறு வாரமும் கேட்டது. அதற்குப் பிறகு ஒரே பக்கத்தின் மேல் இரண்டு தலைகளும் குனிந்திருக்கும்.

"நான் அஞ்ச கண்டுபுடிச்சிட்டு ஆறாவத விட்டுருவேன். அத அது கண்டுபுடிச்சிட்டு என்ன ஒரு பார்வ பாக்கும் பாருங்க, 'உனக்கு ஒண்ணும் தெரியல'ன்னு."

"நீங்க யாருன்னு குழந்தைக்குத் தெரியுமா?"

"பேப்பர் தாத்தா." சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரமாயிற்று. அந்த இருமலுக்கு நான் பின்வாங்கவில்லை. "வெள்ளிக்கிழமை சாயங்காலமே உடம்பு லேசா சுட்டுது. எனக்குத் தெரியாதா? ஒன்பது வருஷமா இதையே நடிச்சவன். மாத்திரைய போட்டுக்கிட்டுப் போயிட்டேன். ஒரு வாரம் நான் இல்லன்னா அது வேற யார்கிட்டயாவது கேட்டுப் பழகிடுமோன்னு பயம். மறுபடி அதே தப்பு, தங்கச்சி. அதே அவசரம்."

தொற்று உள்ளவரோடு இருந்த நாளிலிருந்து நான்கு நாளுக்குள் ஊசி போட்டால்தான் இந்தக் காய்ச்சலைத் தடுக்கும். சனிக்கிழமையிலிருந்து எண்ணினால் மறுநாள் காலையோடு கெடு முடிகிறது. கோடு இழுத்த பக்கத்தில் குழந்தையை எழுதினேன். அதே மேசையில் உட்காரும் மற்ற மூன்று பிள்ளைகளையும் நூலகரையும் எழுதினேன். நோயாளி யார் என்று நாங்கள் வெளியே சொல்வதில்லை, அது விதி. அதைச் சொல்லி அவரைத் தேற்றப் பார்த்தேன்.

"உங்க பேர் வராதுண்ணே. நூலகத்துல தொற்று இருந்துச்சு, குழந்தையக் கூட்டிட்டு வாங்கன்னு மட்டும் சொல்றோம்."

அவர் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டார். இந்தச் சனிக்கிழமைகளை விட்டால் அவருக்கு வேறு எதுவும் கிடையாது என்று இருவருக்கும் தெரியும்.

"அப்படிச் சொன்னா வர மாட்டா. ஊசின்னாலே அவளுக்குக் கசப்பு. நாளைக்குப் பாக்கலாம்னு விட்டுருவா." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நான்தான்னு சொல்லுங்க. உங்கப்பனுக்கு காய்ச்சல், அவன் குழந்தை பக்கத்துல உக்காந்திருந்தான்னு சொல்லுங்க. என் பேரக் கேட்டா ஒரு நிமிஷம் நிக்க மாட்டா, ஓடி வருவா."

அவர் சம்மதத்தைப் படிவத்தில் எழுதி, அதற்கும் ஒரு கையெழுத்து வாங்கினேன். வெளியே வந்து உடையைக் கழற்றி, கை கழுவி, தொலைபேசியை எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தில் விதியைச் சாக்காக வைத்து மறைத்துவிடலாமா என்று பத்து தடவை யோசித்தேன். பிறகு நூலகரிடம் எண்ணை வாங்கி மகளை அழைத்து, அப்பா சொன்ன மாதிரியே சொன்னேன்.

"பக்கத்துலன்னா, எவ்ளோ பக்கத்துல?"

"தலைய சேத்து வச்சு ஒரே பேப்பர் படிச்சிருக்காங்க."

"எங்க வரணும்?"

நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டாள். தையல் அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது, எடுக்க மறந்திருந்தாள். தகப்பனாரின் நெற்றி, அதே மூக்கு. ஆறு வயதுக் குழந்தை ஊசியைப் பார்த்ததும் வார்டே அதிர அலறியது, போட்டு முடித்ததும் அலறலைப் பாதியில் நிறுத்திவிட்டு, "அவ்ளோதானா?" என்றது. அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். நர்ஸ் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து, தாளில் ஏதோ வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள். மகளுக்கும் போட்டோம். சட்டைக் கையை இறக்கிவிடாமலே என்னிடம் வந்து நின்றாள்.

"அவர் எங்க?"

தனிமை அறைக்கு வராந்தாப் பக்கம் ஒரு பெரிய கண்ணாடி உண்டு. சுவரில் ஒரு தொலைபேசி. அதில் பேசினால் உள்ளே ஒலிபெருக்கியில் கேட்கும். அதற்குள் அவருக்கு ஆக்சிஜன் மாஸ்க் மாட்டியிருந்தார்கள், பேசக் கூடாது என்று உத்தரவு. கட்டிலில் சாய்ந்திருந்தவர் அவளைப் பார்த்ததும் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். எழுந்த வேகத்தில் அருகே இருந்த எந்திரம் கூவியது, யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பதினோரு வருஷத்துக்கு என்னென்னவோ சேர்த்து வைத்திருப்பாள் என்று நினைத்தேன். திட்டப் போகிறாளோ என்று பயந்து, ரிசீவரை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவள் அதைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"எத்தன சனிக்கிழமை?"

அவ்வளவுதான் கேட்டாள்.

அவர் இரண்டு கைகளையும் தூக்கிப் பத்து விரல்களையும் விரித்தார். மடக்கினார். மறுபடி பத்தையும் விரித்தார். கையில் செருகியிருந்த குழாய் இழுபட்டது, நிறுத்தவில்லை. மடக்கி, விரித்து, மடக்கி, விரித்து, ஒவ்வொரு முறையும் அவள் பார்த்துவிட்டாளா என்று உறுதி செய்துகொண்டு அடுத்ததற்குப் போனார். ஆறு முறை பத்து வந்தது. ஏழாம் முறை இரண்டு விரல்களை மடக்கிவைத்து எட்டை மட்டும் காட்டினார். காட்டிய கைகளைக் கீழே இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.